துரை படுத்த மெத்தை

அண்டாவில் தண்ணீர் கொதிக்க இன்னும் நேரம் இருந்தது. சங்கரவடிவுக்குக் காலை ஏழரை மணியிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. ஏழரைக்குத்தான் அவள் வீட்டுக்காரர் குற்றாலிங்கம் பண்டகசாலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "சாயந்தரம் அஞ்சு மணிக்கு டாக்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். நான் மூணு மணிக்கெல்லாம் வந்திருதேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான், வேற ஒண்ணும் இல்ல." பேச்சுக்காம். பேசுவதற்கு யாராவது பாளையங்கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து ஜங்ஷன் வரைக்கும் போவார்களா? வீட்டில் இருக்கிறவர்களுக்கு வாய் இல்லையா? எந்த டாக்டர் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்பானேன்? போன வாரம் மாடிப்படியில் நின்று மகளோடு போனில் குசுகுசுத்தபோதே காதில் விழுந்தாயிற்று. மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். ஐம்பத்தேழு வயதில், ஒரு நாள் ஒரு பொழுது தலைவலி என்று படுக்காதவளுக்கு, மனசுக்கு வைத்தியம். வடிவு தென்னமட்டையை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து அடுப்பில் திணித்தாள். மட்டை ஒடிந்த சத்தம் நன்றாக இருந்தது. இன்னொன்றையும் ஒடித்தாள். கணுக்காலில் ஊறியது. சொறியக் கூடாது, சொறிந்தால் புண்ணாகும், புண்ணானால் "பாத்தியா, நீயேதான் சொறிஞ்சு சொறிஞ்சு" என்று ஆரம்பித்துவிடுவார், எனவே சொறியவில்லை, மற்றொரு காலின் குதிகாலை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டாள், அது சொறிவதில் சேராது.

கடி, கடி என்று அவள் சொல்ல ஆரம்பித்தது போன மாதம் எட்டாம் தேதி. தேதி எப்படி மறக்கும், அன்றைக்கு மகள் சுபாஷிணிக்குப் பிறந்தநாள், பாயசம் வைத்தாள், முந்திரிப்பருப்பை வறுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் முதலில் கணுக்காலுக்கு மேல் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் வரிசையாக மூன்று சிவப்புப் பொட்டு. கொசு வரிசை போட்டா கடிக்கும்? மறுநாள் இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில். அதற்கு மறுநாள் முழங்காலுக்குப் பின்னால். அவரிடம் காட்டினாள். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை முழங்காலுக்குத் தூக்கித் தன் காலைக் காட்டினார், வழவழவென்று ஒரு தழும்பு கிடையாது. "ஒரே கட்டில்லதான படுக்கோம்? எனக்கு ஒண்ணும் கடிக்கலியே. ஒனக்கு மட்டும் கடிக்க அது என்ன பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டா வருது?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள், அதுதான் தப்பு, அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது. மூட்டைப்பூச்சியாகத்தான் இருக்கும் என்று கட்டிலைக் கழற்றி மூட்டுக்கு மூட்டு ஊசி விட்டுக் குத்திப் பார்த்தாள், சட்டத்தை வெயிலில் போட்டாள், ஒன்று கிடையாது. கிடைக்காததுதான் அவருக்குச் சாட்சியாகிவிட்டது. "மூட்டையும் இல்ல, கொசுவும் இல்ல, பின்ன என்ன?" தோல் டாக்டர் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார், கத்திரிக்காய் சாப்பிட வேண்டாம் என்றார், கருவாடு வேண்டாம் என்றார். கத்திரிக்காயை விட்டாள், கருவாட்டை விட்டாள், கடி விடவில்லை. தலையணை உறையில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்துப் போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். "அம்மா, அது எள்ளும்மா" என்று பதில் வந்தது, சிரிக்கிற பொம்மையோடு. அப்புறம் பொம்மை வருவது நின்று போயிற்று. அதற்கப்புறம்தான் அந்தக் குரல் வந்தது.

அந்தக் குரலை நினைத்தால்தான் வடிவுக்கு வயிறு எரியும். கடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சுபாஷிணி சண்டைக்காரி, பெங்களூர் போய் ஏழு வருஷமாகியும் போனில் அம்மாவோடு வாரத்துக்கு இரண்டு சண்டை நிச்சயம், ஊறுகாயில் உப்புக் கூடினதற்குக்கூட ஒரு சண்டை. அவள் திடீரென்று ஒரு நாள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். "சரிம்மா. கடிக்குதாம்மா? சரி. சாப்பிட்டீங்களாம்மா? தூங்குங்க, என்ன?" ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இடம் விட்டு, கைக்குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி. நான் பெத்தது எனக்குத் தாலாட்டுப் பாடுது என்று நினைத்து அன்றைக்குப் போனைக் கட்டிலில் எறிந்தாள். எறிந்ததும் தப்பாகப் போயிற்று. "போனெல்லாம் தூக்கி எறியுதா" என்று அவர் மகளிடம் சொல்லிவிட்டார். எது செய்தாலும் அது ஒரு அடையாளமாகிவிடுகிறது. கோபப்பட்டால் கோபப்படுகிறாள். பேசாமல் இருந்தால் பேசுவதே இல்லை. ராத்திரி எழுந்து லைட்டைப் போட்டு விரிப்பைத் தடவினால் தூங்குவதே இல்லை. அதற்கு ஒரு மாத்திரை, சின்ன வெள்ளை மாத்திரை, அவரே வாங்கிவந்தார், அவரே தண்ணீரும் கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது உண்மைதான், கடி தெரியவில்லை, காலையில் எழுந்தால் பூச்சி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போன தடம் தெரிந்தது. அவளுக்குச் சித்தி மகள் ஒருத்தி உண்டு, இப்படித்தான் ஒரு மாத்திரையில் ஆரம்பித்தார்கள். கடைசியில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு மேலே பேசிக்கொள்வார்கள், அவள் சாப்பிட்டாளா, அவள் குளித்தாளா என்று, அவள் பக்கத்திலேயே இருப்பாள். வடிவு அண்டாவைப் பார்த்தாள். ஓரத்தில் முத்து முத்தாகக் கிளம்பியிருந்தது. ஒருவேளை, என்று ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்? கடிக்காத இடத்திலும் சில நேரம் ஊறத்தான் செய்கிறது, உள்ளங்கையில் ஊறுகிறது, காதுக்குள் ஊறுகிறது, இப்போது நினைக்கும்போதே முதுகில் ஊறுகிறது. பைத்தியத்துக்குத் தான் பைத்தியம் என்று தெரியுமா? இதை யாரிடம் கேட்பது? கேட்டால் அதையும் டாக்டரிடம் சொல்வார்கள்.

"என்ன வடிவக்கா, வீட்ல விசேஷமா? அண்டாவெல்லாம் ஏறியிருக்கு" என்று மதிலுக்கு மேலே தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சர். "விசேஷந்தான் டீச்சர். பூச்சிக்குக் கருமாதி" என்றாள் வடிவு. மற்ற நாளாக இருந்தால் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், காம்பவுண்டு சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று அரை மணி நேரம் ஊர்க்கதை ஓடும். இன்றைக்கு டீச்சர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, "பாத்துச் செய்யுங்கக்கா. வெந்நி மேல கொட்டிரப் போகுது. தனியா வேற இருக்கீய. அண்ணாச்சி எல்லாம் சொன்னாவ. ஒண்ணும் கவலப்படாதீய, நான் ஜெபத்துல வச்சிருக்கேன்" என்றாள். எல்லாம் சொன்னாவ. என்ன எல்லாம்? மதில் ஏறி நின்று பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாரா? தெருவில் இன்னும் எத்தனை வீடு, பால்காரரிடம் சொல்லியாயிற்றா, இஸ்திரி போடுகிறவரிடம் சொல்லியாயிற்றா? "நல்லா வைங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். டீச்சர் தலை இறங்கியது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர் என்று இந்தத் தெரு முழுக்க அவருக்குப் பேர். அவளுக்கும் அந்தப் பேர் மேல் ஒரு பெருமை இருந்தது, அதை நினைக்க இப்போது அசிங்கமாக இருந்தது.

உள்ளே போய்க் கட்டில் விரிப்பை உருவினாள். வெள்ளை விரிப்பு, ஓரத்தில் நீலப்பூ. கால்மாட்டில் மிளகுத்தூள் சிந்தின மாதிரி கறுப்பாக, பொடிப்பொடியாக. எள்ளாம், எள்ளு. கட்டிலில் யார் எள்ளுருண்டை பிடித்தார்கள்? அதோடு நாய்மயிர் நாலைந்து, செம்பட்டை நிறத்தில், கால்மாட்டில். "துரை கட்டில்ல ஏறவே மாட்டான்" என்பார் அவர். துரை என்பது நாய். பண்டகசாலைக் குடோனில் கிடந்த தெருக்குட்டியை மூன்று வருஷத்துக்கு முன்னால் மழையில் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்து, துரை என்று பேரும் வைத்தவர் அவர்தான். துரை சாப்பிட்டாச்சா, துரைக்கு ஃபேனைப் போடு, துரைக்கு இன்னைக்கு முட்டை வைக்கலியா. அவளிடம் இப்படி ஒரு நாள் முட்டை சாப்பிட்டியா என்று கேட்டதில்லை. விரிப்பைத் துவைகல்லில் போட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள், பச்சைத் தண்ணீர்தான், ஊறட்டும் என்று. ஊற்றியதும் அந்தக் கறுப்புப் பொடி கரைந்தது. கரைந்து சிவப்பாகப் பரவியது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு சின்னச் சிவப்பு வட்டம், வெற்றிலைச் சாறு மாதிரி. வடிவு குனிந்தபடியே நின்றாள். ரத்தம். குடித்துவிட்டுப் போட்டிருக்கிற எச்சம். என் ரத்தம். அவளுக்குக் கும்மாளம் போட வேண்டும்போல் இருந்தது. அப்போது விரிப்பின் மடிப்பிலிருந்து ஒன்று தெறித்து அவள் முன்கையில் உட்கார்ந்தது. எள்ளில் பாதி இருக்கும், தட்டையாக, பளபளவென்று செங்கறுப்பு. ஈரவிரலை அதன் மேல் அழுத்தினாள். தெள்ளு. நாய்த் தெள்ளு. மூட்டைப்பூச்சியைத் தேடி ஒரு மாதம் கட்டிலைக் குடைந்தேனே மடச்சி. விரலுக்கடியில் அது நெளிவது தெரிந்தது. இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நெரித்தாள், சாகவில்லை, இன்னும் நெரித்தாள், டிக் என்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் பல்லுக்குள் போய் இனித்தது. இது கணுக்காலுக்கு, இது கத்திரிக்காய்க்கு, இது வெள்ளை மாத்திரைக்கு. அதே வேகத்தில் அண்டாத் தண்ணீரை மொண்டு மொண்டு விரிப்பின் மேல் ஊற்றினாள், போர்வை மேல், தலையணை உறை மேல், ஜமுக்காளத்தின் மேல், சோப்புத்தூளை அள்ளி எறிந்து குச்சியால் அமுக்கி அமுக்கி வேகவைத்தாள். மெத்தையைத் தன்னந்தனியாக முதுகில் சாய்த்து மொட்டைமாடிக்கு இழுத்துப் போனாள், பன்னிரண்டு படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. வெயிலில் பிரம்பால் அடித்தாள். கட்டிலுக்கடியில், தரை இடுக்கில், சுவரோரம் எல்லாம் வெந்நீர். வீடு முழுக்க ஆவி பறந்தது. மணி பன்னிரண்டு ஆகும்போதுதான் படியில் உட்கார்ந்தாள், மூச்சு வாங்கியது, அப்போதுதான் உறைத்தது. ஒன்றையாவது பிடித்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்றையாவது. ஒரு கண்ணாடிப் புட்டியில், மூடியைப் போட்டு. இந்தாங்க, இதான் என் மனசுல உள்ள கோளாறு, எடுத்துக்கிட்டுப் போய் உங்க டாக்டருக்குக் காட்டுங்க என்று முகத்துக்கு நேரே நீட்ட. என்னிடம் என்ன இருக்கிறது இப்போது? வெளுத்த துணி இருக்கிறது. வாளிகளைத் துழாவினாள், சோப்பு நுரைக்குள் எதுவும் தெரியவில்லை. அந்தச் சிவப்பு வட்டமும் போயிற்று, விரிப்பு கல்யாண வீட்டுக்கு விரிக்கிற மாதிரி வெள்ளைவெளேரென்று கொடியில் ஆடியது. தன் கையாலேயே, அரை நாள் முதுகொடியப் பாடுபட்டு, தன் சாட்சியைத் தானே வெளுத்திருக்கிறாள். அவர் வந்து பார்ப்பார். ஒரு நாள் முழுக்க வீட்டையே கழுவியிருக்கா டாக்டர் என்பார். அந்த டாக்டர் பேனாவைத் திறப்பார். தலையில் அடித்துக்கொண்டாள், நிஜமாகவே, ஈரக்கையால் பட்டென்று. பிறகு நாய் ஞாபகம் வந்தது. நாய் எங்கே போகும், அதன் மேல் நூறு இருக்குமே. முருங்கை மரத்தடியில் கட்டிப்போட்டிருந்த துரை அவளைப் பார்த்து வாலைத் தரையில் தட்டியது. பேன்சீப்பை எடுத்துவந்து அதன் கழுத்திலிருந்து வால்வரைக்கும் வாரினாள். வயிற்றைப் புரட்டிப் பார்த்தாள், காதை மடக்கிப் பார்த்தாள், வாலடியில் பார்த்தாள். ஒன்று இல்லை. நாய் மேல் ஒரு பூச்சி இல்லை. அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வாரு என்கிற மாதிரி காலை நீட்டியது. அப்போது வந்த பயம் காலையில் வந்த பயம் மாதிரி இல்லை. நாய் மேல் இல்லாத நாய்த் தெள்ளு என் படுக்கையில் எப்படி வரும்? அப்படியானால் நான் நெரித்தது என்ன? அந்தச் சத்தம் கேட்டேனா இல்லையா? விரல் நகத்தைப் பார்த்தாள், சோப்பில் வெந்து வெளுத்திருந்தது, ஒரு தடமும் இல்லை.

மிச்சம் இருந்தது, ஒரு மாதத்துக்கு மேலாகக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய பேண்ட் இரண்டு. எதற்கு விட்டுவைக்க என்று அதையும் எடுத்தாள், பழக்கதோஷத்தில் பையைத் துழாவினாள், ரேஷன் கார்டைத் துவைத்த அனுபவம் உண்டு. பின்பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு இருந்தது. கால்நடை டாக்டர் சீட்டு. பிராணியின் பெயர் துரை, வயது மூன்று, உரிமையாளர் குற்றாலிங்கம், வியாதி தெள்ளு. கழுத்துக்குப் பின்னால் விடுகிற சொட்டு மருந்து ஒன்று. அதற்குக் கீழே அந்த டாக்டர் தமிழில், வீட்டில் இருக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதியிருப்பார், நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார். 'நாய் படுக்கும் துணி, மெத்தை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடவும். தெள்ளு நாய் மேல் கொஞ்சம்தான், படுக்கையில்தான் அதிகம். நாய்க்கு மருந்து போட்டால் மீதி மனிதரைக் கடிக்கும், அதுவும் சிலரை மட்டும்.' தேதியைப் பார்த்தாள். போன மாதம் மூன்று. மூன்றாம் தேதி. பாயசத்துக்கு ஐந்து நாள் முன்னால். அவள் ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தாள். மீதி மனிதரைக் கடிக்கும். மீதிதான் அவள். நாய்க்கு மருந்து விட்டிருக்கிறார், நாயை விட்டு இறங்கின பூச்சிக்கு அவளை விட்டிருக்கிறார். மெத்தையைத் துவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் நாய் கட்டிலில் ஏறினது தெரியும். தெரிந்தால் நாய் போகும், அவள்தான் தீபாவளியன்றைக்குச் சொல்லியிருந்தாளே, இந்த நாயால எனக்கு ஏதாவது வந்துதுன்னா அன்னைக்கே கொண்டு விட்டுருவேன் என்று. ஆகவே நாய் இருக்கட்டும், இவளுக்குப் பைத்தியம் என்று ஆகட்டும். கால் வழவழவென்று காட்டினாரே, தெரிந்துகொண்டே காட்டினாரே. தெரிந்துகொண்டேதான் மாத்திரைக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். இந்தா, முழுங்கு, நல்லாத் தூக்கம் வரும். அந்தக் கை. அந்தச் சொம்பு. வடிவு அழவில்லை. அழுவதற்கு நேரம் வீணாக்க அவளுக்கு மனசில்லை. சீட்டைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பலாமா என்று போனைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள். அவள் அனுப்பின படத்துக்கு இருக்கிற மரியாதை தெரிந்ததுதான். அம்மா எங்கிருந்தோ ஒரு சீட்டைப் பிடித்திருக்கிறாள் என்பார்கள். அவர் வாயால் வர வேண்டும். வாயைத் திறந்து அவர் சொல்ல வேண்டும், அவள் காதால் கேட்க வேண்டும். குளித்தாள், நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள், சாப்பிடவில்லை, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் ஊறியது. நன்றாகச் சொறிந்துகொண்டாள்.

மூன்று அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது வந்தார். கொடிகளைப் பார்த்தார், ஈரத்தரையைப் பார்த்தார், மெத்தை இல்லாத கட்டிலைப் பார்த்தார். முகத்தில் ஒரு இரக்கம் வந்தது, அதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலையில இருந்து இதையா செய்தே? பாவம். சரி, ஒண்ணும் பேசாண்டாம். இதையெல்லாம் டாக்டர்ட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

"இதையும் சொல்லுங்க" என்று சீட்டை நீட்டினாள்.

வாங்கினார். மடிப்பைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது அவருக்கு.

"அது துரைக்கு... லேசாத்தான் இருந்துது. மருந்து போட்டா தானாப் போயிரும்னு நெனச்சேன். சொன்னா நீ அவன வெரட்டிருவ."

"அதுக்கு என்னைய வெரட்டலாம்னு பாத்தீயளோ?"

"அப்படி இல்லட்டி. ஒனக்கு ஒறக்கம் இல்லாம இருந்துது, அது வேற. நெசமாவே அது வேற..."

"சுபாவுக்குப் போனப் போடுங்க."

"இப்ப அவ ஆபீஸ்ல இருப்பா."

"போடுங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு, பூச்சி இருந்துது, எனக்குத் தெரியும், நாந்தான் மறச்சேன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்த வேண்டாம்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். போனை மேஜையில் வைத்து, ஸ்பீக்கரைத் தட்டி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மகள் எடுத்தாள்.

"சுபா, ஒண்ணு சொல்லணும். அம்மா சொன்னது உண்மதாம்மா. வீட்ல தெள்ளு இருந்துது. துரைட்ட இருந்து வந்தது. எனக்கு மொதல்லயே தெரியும், நான்தான் சொல்லாம மறச்சிட்டேன்."

அந்தப் பக்கமிருந்து மகளின் குரல் தணிந்து வந்தது.

"அப்பா, அம்மா பக்கத்துல நிக்கிறாங்களா?"

"ஆமா."

"புரியுதுப்பா. நீங்க எதுவும் பேச வேண்டாம், நான் சொல்றத மட்டும் கேளுங்க. நீங்க பண்ணினது சரிதான். அவங்க என்ன சொல்லச் சொல்றாங்களோ அப்படியே சொல்லிடுங்க, எதிர்த்துப் பேசாதீங்க. அஞ்சு மணிக்கு மட்டும் எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்க."

"இல்லம்மா, நெசமாத்தான் சொல்லுதேன். சீட்டு கையில இருக்கு. நாந்தான் மருந்து வாங்கி..."

"சரிப்பா. சரி. பதட்டப்படாதீங்க. நீங்களும் ஒரு மாசமா சரியாத் தூங்கலல்ல? அம்மாவப் பாத்துப் பாத்து உங்களுக்கும் அப்படித் தோண ஆரம்பிச்சிருக்கும். நீங்களும் அந்த டாக்டர்ட்ட கொஞ்சம் காட்டிக்கோங்கப்பா. மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன். தண்ணி குடிங்க, என்ன?"

போன் அணைந்தது. குற்றாலிங்கம் கையில் இருந்த சீட்டை ஒரு தடவை பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நம்ப மாட்டேங்காளே" என்றார்.

"எனக்கு ஒரு மாசம்" என்றாள் வடிவு. "ஒங்களுக்கு இப்பத்தான் ரெண்டு நிமிசம் ஆகுது."